பதின்மூன்றாம் நாள் திறந்த கதவு

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, "அஞ்சு நிமிஷம்தான் அண்ணே" என்று என் காதில் சொல்லி அனுப்பிய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் கணக்கு வாத்தியார் ஐயா அவர்களே, அவர் பக்கத்தில் இருக்கும் அவருடைய மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பட்டறைத் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

மைக்கைப் பிடித்து எனக்குப் பழக்கமில்லை. இருபத்தாறு வருடமாக நான் பிடித்ததெல்லாம் இரும்புக் குழாயும் ஈரப் பலகையும்தான். பேச்சு முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியாது. அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? கண்ணாடிக் கலைஞர், நம் சங்கத்தில் ஊதுகுழல் பிடித்த முதல் பெண்மணி, உலை வாய்க்கு யாரும் போகாத அளவு நெருக்கமாகப் போய் நின்றதால் கங்கு அக்கா என்று நாம் எல்லோரும் அழைத்தோமே, அந்தக் கங்கு அக்காவுக்காகக் கூடியிருக்கிறோம். அவர் போய் இன்றோடு பதினாறு நாள். பதினாறு நாளாக நான் பட்டறைக்குப் போகிறேன், அவர் உட்கார்ந்து ஊதிய பெஞ்சைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். வேறு ஒரு வேலையும் நடக்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ரொட்டி. அக்கா வைத்த பெயர். நான் பேக்கரியில் அடுப்பு பார்த்துக்கொண்டிருந்தவன். நெருப்புக்குப் பயப்படாத ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டு வந்தார், நான் போனேன். கண்ணாடி ஊதுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து குழாயை உருட்டி உருட்டி வடிவம் கொண்டுவருவார். இன்னொருவர் பக்கத்தில் நின்று, வேண்டும்போது உலையிலிருந்து புதுக் கண்ணாடியை அள்ளிக் கொண்டுவந்து ஒட்டுவார், சூடு அவர் கையைப் பொசுக்காமல் பலகையால் மறைப்பார். அவர் உட்கார்ந்தவர். நான் நின்றவன்.

தலைவர் பேசும்போது, கங்கு அக்காவுக்கு முதல் குழாயைத் தாம்தான் எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னார். கொடுத்தார், மறுக்கவில்லை. எப்படிக் கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் சொல்லட்டுமா? அப்போது தலைவர் பாட்டில் தொழிற்சாலையில் போர்மேன். அக்கா அங்கே விரிசல் விட்ட பாட்டில்களைப் பொறுக்கித் தள்ளும் மேசையில் வேலை பார்த்தார். ஒவ்வொரு விரிசலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஏன் உடைந்தது, எங்கே ஆரம்பித்தது என்று பார்ப்பார். ஒரு நாள் போர்மேனிடம் போய்க் குழாயைக் கேட்டார்.

"இதுக்கெல்லாம் நெஞ்சு வேணும்மா. பொம்பளைங்களால மூச்சடக்க முடியாது" என்றார் நம் தலைவர்.

"நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட முப்பது நாள் வாயைத் திறக்காம இருந்திருக்கேன் சார். மூச்சடக்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்றார் அக்கா.

தொழிற்சாலையே சிரித்தது. வாத்தியார் ஐயா, நீங்கள் இப்போது சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. முப்பது நாள் ஏன் பேசவில்லை என்று நானும் கேட்டிருக்கிறேன். "அவருக்கே மறந்துபோச்சு, எனக்கு மட்டும் எதுக்கு ஞாபகம் இருக்கணும்?" என்பார். சரி, அது உங்கள் வீட்டு விஷயம். அன்றைக்குத் தலைவர் கேலியாக நீட்டிய குழாயை அவர் கேலியாக வாங்கவில்லை. அதுதான் நடந்தது.

நம் ஊர் நூலகத்தின் மேற்குச் சுவரில் அக்கா செய்த ஜன்னலைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். யார் செய்தது என்று தெரியாமலே அதன் கீழே உட்கார்ந்து படித்திருப்பீர்கள். நூலகர் வந்து, "மூணு மணிக்கு மேல வெயில் நேரா கண்ணுல அடிக்குது, எல்லாரும் எழுந்து போயிடறாங்க" என்று குறைப்பட்டார். வேறு யாராவது இருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? திரை போடுங்கள் என்றிருப்பார்கள். அக்கா ஒரு மாதம் தினமும் மூன்று மணிக்கு அங்கே போனார். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்தார். எந்த நாற்காலிக்கு எந்தப் பக்கத்திலிருந்து கூசுகிறது என்று குறித்தார். பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு வட்டக் கண்ணாடிகள் ஊதினார். ஒன்றின் கனம் இன்னொன்றில் இருக்காது! அழகுக்காகவா செய்தார்? ஒரு மனிதர் கண் கூசாமல் இன்னும் இரண்டு பக்கம் படிக்கட்டும் என்று செய்தார். அழகு அதுவாக வந்து சேர்ந்தது.

அவர் சூடான கண்ணாடியைக் கையால்தான் தடவி வடிவமைப்பார். நடுவில் இருப்பது நனைத்து மடித்த செய்தித்தாள், அவ்வளவுதான். அதிலும் தலையங்கப் பக்கம்தான் வேண்டும் என்பார். "அதைத்தான் வீட்டுல யாரும் பிரிக்கிறதில்ல, கசங்காம புதுசா இருக்கு" என்பார். தினமும் தலையங்கம் எழுதுகிற பத்திரிகைக்காரர் ஒருவர் ஒருமுறை பட்டறை பார்க்க வந்து, இதைக் கேட்டுவிட்டு டீ கூடக் குடிக்காமல் போனார்.

சிரித்தது போதும். எனக்கும் போதும்.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் அவரிடம் இருந்தது. உடைந்ததை அப்படியே மறுபடி உருக்கப் போட மாட்டார். ஒரு சீட்டில் தேதி எழுதி, ஏன் உடைந்தது என்ற காரணத்தையும் எழுதி, துண்டுகளோடு அலமாரியில் வைப்பார். காரணம் தெரிந்த பிறகுதான் அது உலைக்குத் திரும்பிப் போகும். தெரியாதது வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். "உடையறது தப்பில்ல. ஏன் உடைஞ்சதுன்னு தெரியாம அடுத்ததை ஊதுறதுதான் தப்பு" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேன்! கேட்டு என்ன பயன்?

இப்போது எனக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். ஒரு பெரிய கண்ணாடிப் பானை. தண்ணீர்க் குடம் அளவு. அடிப்பாகம் நான்கு விரல் கனம். கீழே, "அம்மையாரின் இறுதிப் படைப்பு" என்று எழுதியிருக்கிறது. இந்த அளவை, இந்தக் கனத்தை, இந்தப் பக்கத்தில் யாரும் செய்ததில்லை. ஊதிவிடலாம், ஆறவைக்கத்தான் முடியாது. கண்ணாடி வெளியே சீக்கிரம் ஆறும், உள்ளே மெதுவாக ஆறும். அந்த இழுபறியில்தான் வெடிக்கும். அதனால் ஆறவைக்கும் அடுப்புக்குள் வைத்து, கதவைச் சாத்தி, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் குறைக்க வேண்டும். எத்தனை நாள்? அதுதான் கேள்வி. மூன்று வருடமாக அக்காவுக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான்.

முதல் பானை ஆறு நாள். வெடித்தது. இரண்டாவது ஒன்பது நாள். வெடித்தது. மூன்றாவது பன்னிரண்டு நாள். கதவைத் திறந்தபோது முழுசாகத்தான் இருந்தது. அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் பார்த்தார். தலைமுடி அளவு ஒரு விரிசல். மூன்று சீட்டும் அலமாரியில் இருக்கின்றன. நான்காவதை உள்ளே வைத்துவிட்டு, கதவில் சாக்பீஸால் பதினைந்து கட்டம் போட்டார். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டத்தை நான் அடிக்க வேண்டும்.

"பதினஞ்சாம் நாள் காலைல திறக்கலாம். அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரே வந்து கால்ல விழுந்தாலும் திறக்காதே. இது பன் இல்லடா ரொட்டி, வெந்துடுச்சான்னு எட்டிப் பார்க்க."

பேக்கரியில் எனக்கு இருந்த பழக்கம் அவருக்குத் தெரியும். ரொட்டி அடுப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன். கை அரிக்கும். இருபத்தாறு வருடத்தில் அந்த அரிப்பு போகவில்லை. அதனால்தான் அவர் அந்தப் பெயரையும் விடவில்லை.

ஐந்தாம் நாள் அக்கா பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும்போது மூச்சு வாங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் இரண்டும் போய்விட்டது என்றார்கள். நான் தினமும் காலையில் ஒரு கட்டம் அடித்துவிட்டு அங்கே போவேன். பதின்மூன்றாம் நாள் காலை கட்டத்தை அடித்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் மகள் போன் செய்தாள்.

"மாமா, இன்னைக்குப் பொழுதைத் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மா கண்ணைத் திறந்தா அதைத்தான் கேக்கிறாங்க. வந்துடுச்சா, வந்துடுச்சான்னு. நான் என்ன மாமா சொல்லட்டும்?"

தோழர்களே, தலைவர் அவர்களே, வாத்தியார் ஐயா அவர்களே! இனி நான் சொல்லப்போவதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் நான் மனுஷன் இல்லை.

அடுப்பின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். நூற்றுப் பத்து டிகிரியில் நின்றது. நானூற்று எண்பதிலிருந்து இறங்கி வந்ததற்கு நூற்றுப் பத்து எனக்கு ஒன்றுமே இல்லாததாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு நாள்தானே, இதில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். கதவைத் திறந்தேன். செல்போனில் படம் எடுத்தேன். மூடினேன். ஒரு நிமிடம் இருக்கும். பானை முழுசாக இருந்தது. ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது! பின்னால் இருக்கிறதே, அந்தப் படம்தான் அது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அக்காவின் முகத்துக்கு நேராகப் படத்தை நீட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு எத்தனாவது நாள்?"

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குத் தேதி எங்கே தெரியும்? கூசாமல் சொன்னேன். "பதினஞ்சு அக்கா."

"அடியில பாத்தியா?"

"பாத்தேன் அக்கா."

"எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு அக்கா."

"கண்ணாடி வேற எது மாதிரிடா இருக்கும், லூசு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. சிரித்துவிட்டு, "அப்போ பதினஞ்சு நாள் சரிதான். எழுதிக்கோ. எல்லாருக்கும் சொல்லு, நாலு விரல் கனத்துக்குப் பதினஞ்சு நாள்" என்றார். அவர் கண் முன்னாலேயே மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். "பதினைந்து நாள், சரி." அந்த வரிதான் உங்கள் கையில் இருக்கும் நினைவு மலரின் முதல் பக்கத்தில் அச்சாகி இருக்கிறது. தலைவர் சற்று முன்பு உருக்கமாக வாசித்தது அதைத்தான். தோழர்களே, அந்த வரி பொய். அதை நம்பி யாரும் அடுப்பு வைக்காதீர்கள்.

பட்டறைக்குத் திரும்பியபோது மணி இரண்டரை. கதவுச் சந்து வழியாக விளக்கடித்துப் பார்த்தேன். பானை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அக்கா மறுநாள் காலையில் போனார்.

நான் ஏன் திறந்தேன்? பாசத்தால் என்று சொன்னால் நீங்கள் தலையாட்டுவீர்கள். தலையாட்டாதீர்கள்! பதினாறு நாளாக ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எப்படியும் பொய்தானே சொன்னேன்? அந்தப் பொய்யைக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டே சொல்லியிருக்கலாமே! "வந்துடுச்சு அக்கா, ஜோரா இருக்கு" என்று வெறும் வாயால் சொல்லியிருந்தால் அவர் அதே சிரிப்பைத்தான் சிரித்திருப்பார். பானை உள்ளே பத்திரமாக இருந்திருக்கும். பொய் சொல்வதற்குக் கதவு எதற்கு? எனக்குக் கை அரித்தது. நான் பார்க்க ஆசைப்பட்டேன். அவர் பெயரைச் சொல்லி என் ஆசையைத் தீர்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் உண்மை.

ஒரு பானை போனால் போகட்டும் என்று யாராவது ஆறுதல் சொல்ல வராதீர்கள். பானை போகவில்லை. பதில் போய்விட்டது. பதினைந்து நாள் போதுமா, போதாதா? அவர் நெஞ்சுக்கூடு காலியாகும்வரை ஊதிக் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த அடுப்புக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டே நாள். இப்போது அது தானாக வெடித்ததா, நான் விட்ட காற்றால் வெடித்ததா, யாரால் சொல்ல முடியும்? நான்காவது சீட்டை நான் எழுதி அலமாரியில் வைத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில், "ரொட்டி கதவைத் திறந்தான்" என்று எழுதினேன். அதுகூட நிச்சயமாகத் தெரியாமல் எழுதியதுதான். அவர் இருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்.

வாத்தியார் ஐயா எழுந்திருக்கிறார். உட்காருங்கள் ஐயா, செயலாளரே, அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லை, விடுங்கள், அவர் ஏதோ கேட்கிறார்... சொல்லுங்கள் ஐயா.

பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது. ஐயா கேட்டதை நானே சொல்கிறேன். "அவ அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிச்சாளே, அந்த நேரத்துல அது முழுசா இருந்துச்சா, உடைஞ்சிருந்துச்சா?" என்று கேட்கிறார்.

தெரியாது ஐயா. பத்து மணிக்குக் கதவை மூடினேன், இரண்டரைக்கு வந்து பார்த்தேன். நடுவில் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். அது உடைந்த சத்தத்தைக் கேட்க அங்கே யாரும் இல்லை. முழுசாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு நிம்மதி. அந்தப் பொய்யை உங்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை ஐயா. ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

என்னைத் திட்டுங்கள். மகளே, நீயும் திட்டு. அன்றைக்கு நீ போன் செய்ததால்தான் என்று மட்டும் ஒருபோதும் நினைத்துவிடாதே. நீ என்ன சொல்லட்டும் என்றுதான் கேட்டாய். கதவைத் திற என்று சொல்லவில்லை.

செயலாளர் ஒரு தாளைக் கொடுத்து, முடிக்கும்போது இதை எல்லோரும் எழுந்து நின்று சொல்லும்படி வாசிக்கச் சொன்னார். "அம்மையார் ஏற்றிய நெருப்பை அணையாமல் காப்போம்" என்று எழுதியிருக்கிறது. நான் வாசிக்க மாட்டேன். நெருப்புக்கு என்ன, எரிவாயு இருந்தால் எரியும். அவரில்லாத உலையைப் பதினாறு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது ஜோராகத்தான் எரிகிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

என்னால் தர முடிந்த உறுதி வேறு. அந்தப் பானையை மறுபடி செய்யப் போகிறேன். அதே அளவு, அதே நாலு விரல் கனம், அக்கா குறித்து வைத்த அதே சூடு. கலைப்படைப்பு என்று யாரும் அதைக் கொண்டாட வேண்டாம். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஊத எனக்கு வராது, நான் நிற்கிறவன். தலைவர் அவர்களே, நீங்கள் உட்காருங்கள். வயதாகிவிட்டது என்று தலையை ஆட்டாதீர்கள். நெஞ்சு வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னவர் நீங்கள்தானே, இருக்கிற நெஞ்சைக் கொண்டு வாருங்கள். அடுப்பில் வைத்த அன்றே பூட்டுப் போட்டுச் சாவியை வாத்தியார் ஐயாவிடம் கொடுத்துவிடுவேன். பதினைந்து நாள் நான் அந்த அறைப் பக்கமே போக மாட்டேன். பதினைந்தாம் நாள் காலையில் ஐயா திறக்கட்டும். அடியில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கட்டும்.

விரிசல் இருந்தால், பதினைந்து நாள் போதாது, அக்காவின் கணக்குத் தப்பு என்று ஆகும். நான் திறக்காமல் இருந்திருந்தாலும் அது உடைந்திருக்கும் என்று ஆகும். நீங்கள் எல்லோரும் என்னை மன்னித்துவிடுவீர்கள். நானும் தூங்குவேன். முழுசாக வந்தால், அக்கா சொன்னது சரி. அப்போது அவருடைய பானையை உடைத்தவன் நான்தான். சாகிறவரை நான்தான்.

முழுசாகவே வரட்டும்.